வளையக்கோட்டு வீட்டுத் துணி

மார்ச் 3, திங்கள்

இன்றைக்கும் நனைந்துபோனது. கல்லாவில் உட்கார்ந்திருந்தவரை ஒன்றுமில்லை. எழுந்து பின்பக்கம் போய்க் கழிப்பறைத் தாழ்ப்பாளில் கை வைத்ததுதான் தாமதம், அவ்வளவுதான். கதவைக் கண்டால்தான் வருகிறது. கதவைக் காணாதவரை சமர்த்தாக இருக்கிறது. பாவாடை, சேலைக் கொசுவம், செருப்பு வரைக்கும். சீ.

அலசிப் பிழிந்துவிட்டு அந்த ஈரத்தோடேயே சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தேன். சோப்புத் தண்ணீர் வாளி கவிழ்ந்துவிட்டது என்று இவரிடம் சொன்னேன். இவர் இஸ்திரி மேசையிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. நல்லதாகப் போயிற்று.

எங்கள் சலவைக்கடைக்கு எந்த மூட்டை வந்தாலும் நான் முகர்ந்து பார்க்காமல் உள்ளே போகாது. இது வேர்வை, இது எண்ணெய், இது நாய் படுத்த போர்வை என்று பிரித்துப் போட்டுவிடுவேன். முதுகுக்குப் பின்னால் எனக்கு ‘மோப்பம்’ என்று பேர் வைத்திருப்பதும் தெரியும். அந்த மூக்கை வைத்துக்கொண்டு இப்போது என் மடியை நானே முகர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது. அறுபத்தாறு வயதில் இது ஒன்றுதான் குறைச்சலாக இருந்தது.

மார்ச் 5, புதன்

இதை எழுதவே கை கூசுகிறது. ஆனால் வேறு யாரிடம் சொல்ல?

முதலில் தும்மினால் ஒரு சொட்டு. பிள்ளை பெற்றவளுக்கு இதெல்லாம் சகஜம் என்று விட்டுவிட்டேன். அப்புறம் இருமினால். அப்புறம் ஈர மூட்டையைத் தூக்கினால். போன மழைக்காலத்திலிருந்து இந்த அவசரமும் சேர்ந்துகொண்டது. முட்டுகிறது என்று எனக்குத் தெரிவதற்குள் கால் நனைந்துவிடுகிறது. தூக்கத்திலும் விடுவதில்லை. ஒரு நாள் விடிகாலையில் கண் விழித்தால் கட்டிலில் என் பக்கம் முழுக்க ஈரம். இவர் முதுகுக்கு ஒரு சாண் தள்ளி நின்றிருந்தது. இவர் எழுந்திருப்பதற்குள் விரிப்பை உருவி, மெத்தையைத் திருப்பிப் போட்டு — இவரை எழுப்பாமல் எப்படித் திருப்பினேன்? இல்லை, இவர் எழுந்து வெளியே போனபிறகுதான் திருப்பினேன். அதுவரை அந்த ஈரத்தின் மேலேயே அசையாமல் படுத்திருந்தேன். தூங்குகிற மாதிரி.

அன்றைக்கே தலையணையை எடுத்துக்கொண்டு முன்னறை சோபாவுக்கு வந்துவிட்டேன். உங்கள் குறட்டையில் தூங்க முடியவில்லை என்று காரணம் சொன்னேன். குறட்டை விடுகிற மனுஷன்தான். கல்யாணமான நாள்முதல் அந்தச் சத்தத்தில்தான் நான் தூங்கியிருக்கிறேன்.

இவருக்குத் தெரியக்கூடாது. வேறு எது வேண்டுமானாலும் தெரியட்டும். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்து இவர் முகம் சுளித்துவிட்டால் அப்புறம் சாகிறவரை நான் அந்த முகத்தோடு குடித்தனம் நடத்த வேண்டும். என்னால் ஆகாது.

மார்ச் 9, ஞாயிறு

தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டேன். உள்ளே போனால்தானே வெளியே வரும். காலையில் டீ, பதினோரு மணிக்கு ஒரு டீ, மத்தியானம் ஒன்று, நாலு மணிக்கு ஒன்று. தண்ணீர் என்றால் பிரஷர் மாத்திரையை முழுங்க ஒரு வாய். கடை திறக்கும் முன்னால் ஒரு தடவை போகிறேன். ஆள் வருவதற்கு முன்னால் ஒரு தடவை. சும்மா இருந்தால் ஒரு தடவை. வராவிட்டாலும் உட்கார்ந்து முக்கிவிட்டு வருகிறேன்.

நான் ஒன்றும் விவரம் கெட்டவள் இல்லை. தொட்டி காலியாக இருந்தால் எப்படி வழியும்?

மார்ச் 14, வெள்ளி

வழிந்தது.

மார்ச் 16, ஞாயிறு

மருந்துக்கடைக்குப் போனேன். நம் தெருக் கடை வேண்டாமென்று நாலு தெரு தள்ளி. அங்கே இருந்தவனுக்கு மெதுவாகப் பேசவே வராது போலிருக்கிறது. “டயப்பரா? குழந்தைக்கா, பெரியவங்களுக்கா?” என்று கூவுகிறான். பின்னால் மூன்று பேர் நிற்கிறார்கள். பெரியவர்களுக்கு என்றேன். படுத்த படுக்கையா, நடமாடுவாரா என்று கேட்டான். மாமியாருக்கு, நடமாடுவார் என்றேன். மாமியார் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாயிற்று. இருந்தவரை என்னைப் படுத்திய பாட்டுக்கு இதையாவது அவர் தலையில் போடலாமென்று தோன்றியது.

இடுப்பு அளவு வேண்டுமாம். என் அளவைச் சொன்னேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே போய் எடுத்துவந்தான்.

பொட்டலத்தின் மேல் ஒரு கிழவி பூச்செடிகளுக்கு நடுவில் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். எதற்குச் சிரிக்கிறாள் அவள்? இதைக் கட்டிக்கொண்டு இளிக்கிறவளை நான் இந்த ஜென்மத்தில் நம்பமாட்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

கட்டிப் பார்த்தேன். நடந்தால் சரசரவென்கிறது. உட்கார்ந்தால் இடுப்புக்குப் பின்னால் ஒரு மூட்டை. மத்தியானத்துக்குள் ஊறிக் கனத்துத் தொடைக்கு நடுவில் தொங்கியது. வெதுவெதுவென்று இருந்து அப்புறம் ஜில்லென்று ஆகிறதே, அந்த நேரம்தான் மகா கண்றாவி. தோல் வெந்து எரிகிறது. கோட்டு வாங்க வந்த அம்மாள் என்ன சத்தம் என்று கேட்டாள். துணி போடுகிற பை என்று சொன்னேன். கழற்றிச் சுருட்டி, பேப்பரில் வைத்து, பையில் போட்டு, அதை இன்னொரு பையில் போட்டு முடிச்சுப் போட்டேன். அப்படியும் எனக்கு நாற்றம் வந்தது. குப்பைத் தொட்டியைத் தாண்டி வந்த பிறகும் வந்தது.

மார்ச் 22, சனி

நனைந்த துணி சேர்ந்துகொண்டே போகிறது. பீரோவுக்கு அடியில் எத்தனை நாள் ஒளித்துவைப்பது? வீட்டில் அலசிக் கொடியில் போட்டால், தினமும் எதற்கு விரிப்பு துவைக்கிறாய் என்று இவர் கேட்பார். வீட்டுத் துணியெல்லாம் கடை மெஷினில்தான் போகும், அதுதான் நம் வழக்கம்.

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். கடைக்கு வருகிற துணிக்கெல்லாம் உள்ஓரத்தில் மையால் ஒரு குறி போடுவோம். ஒரு வீட்டுக்கு ஒரு குறி. நட்சத்திரம், ஏணி, மீன்முள், இப்படி. குறியே இல்லாத துணி வந்தால் அது எங்கள் வீட்டுத் துணி என்று இவருக்கும் தெரியும், நுரைக்கும் தெரியும். நுரை என்பது எங்கள் மெஷின் பார்க்கிற பெண். அளவில்லாமல் சோப்புத்தூள் கொட்டுவாள், அதனால் நான் வைத்த பேர்.

இன்றைக்குக் கடை திறந்ததும் மைக்குச்சியை எடுத்துப் புதிதாக ஒரு குறி போட்டேன். ஒரு வளையம், அதற்குக் கீழே ஒரு கோடு. வெள்ளைப் பாவாடைகளுக்கும் விரிப்புகளுக்கும் மட்டும். சேலையும் நைட்டியும் போட்டால் இவர் கண்டுபிடித்துவிடுவார். புது வாடிக்கை, ரிட்டையரான டீச்சர், தனியாக இருக்கிறார், ஆட்டோவில் கொடுத்தனுப்புகிறார் என்று சொல்லி நுரையின் கூடையில் போட்டேன். கோர்வையாக வந்தது பொய். இஸ்திரியை நானே போட்டு அலமாரியில் வைத்துவிட்டு, ஆள் வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டதென்று சொல்லிவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

இனி ஒரு கவலை விட்டது.

மார்ச் 27, வியாழன்

நுரை கூடையை என் காலடியில் கொண்டுவந்து வைத்தாள். “அக்கா, இந்த வளையக்கோட்டு வீட்டுத் துணிய இனிமே வாங்காதீங்க. மூத்திர நாத்தம். கொடலப் பொரட்டுது.”

வயசானவங்க, பாவம் என்றேன். வயசானால் என்ன, ஒரு தடவை தண்ணீரில் முக்கிவிட்டுக் கொடுக்கக் கையா இல்லை என்று கேட்டாள். முக்கிவிட்டுத்தானடி கொண்டுவந்தேன் என்று சொல்ல முடியுமா? முகத்தில் ரத்தம் ஏறிற்று. ஏறின வேகத்தில் நானும் ஆரம்பித்தேன். “ஆமா, என்ன ஜென்மமோ. வெக்கங்கெட்டவ. படிச்சவளாம், டீச்சராம்.” நுரைக்கு உற்சாகம் வந்துவிட்டது. அவள் ஒன்று சொல்ல நான் இரண்டு சொன்னேன். அந்த டீச்சர் வீட்டுக்குள் போனால் எப்படி நாறும், அவளோடு எவன் உட்கார்ந்து சாப்பிடுவான் என்றெல்லாம் சொன்னேன். நன்றாகத் திட்ட வந்தது. மனசுவிட்டுத் திட்டினேன்.

அப்புறம் பின்பக்கம் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு சொட்டும் வரவில்லை. வேண்டும்போது வராது அது.

ஏப்ரல் 2, புதன்

இவர் என்னவோ செய்துகொண்டிருக்கிறார்.

மல்லாந்து படுத்தால்தான் குறட்டை வருமாம். எங்கோ கேள்விப்பட்டு, பழைய துண்டை உருண்டையாகச் சுருட்டிப் பனியனின் முதுகில் தைத்துக்கொண்டிருக்கிறார். திரும்பினால் குத்தி எழுப்பிவிடுமாம். கூன் விழுந்தவர் மாதிரி முன்னறைக்கு வந்து நின்று, “இப்ப சத்தமே வர்றதில்ல. உள்ள வந்து கேட்டுப் பாரேன்” என்றார்.

சோபா பழகிவிட்டது, இங்கேயே இருக்கிறேன் என்றேன். சரி என்றார். திரும்பிப் போகும்போது அந்த உருண்டை முதுகில் ஆடிக்கொண்டு போயிற்று. சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை.

சாயங்காலமும் குளிக்க ஆரம்பித்திருக்கிறார். பவுடர் போடுகிறார். போன வாரம் பல் டாக்டரிடம் போய் வாயில் வாடை வருகிறதா என்று கேட்டுவிட்டு வந்தாராம். முதலில் என் மேல்தான் ஏதோ சந்தேகமென்று பயந்தேன். என் மேல் இல்லை. தன் மேல்தான் சந்தேகம். அட கடவுளே, நான் நாறிக்கொண்டு இருக்கிறேன், இந்த மனுஷன் பவுடர் போடுகிறார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

கடுக்கிறது. போகும்போது நெருப்பாக எரிகிறது. போய்விட்டு எழுந்தால் மறுபடி போக வேண்டும்போல் இருக்கிறது, உட்கார்ந்தால் நாலு சொட்டு. நிறம் டீத்தூள் ஊறினது போல. வாடையோ சொல்லவே வேண்டாம், இதுவரை வந்ததெல்லாம் பன்னீர். இத்தனைக்கும் தண்ணீரை முக்காலே மூணுவீசம் நிறுத்திவிட்டேன். இன்னும் எதை நிறுத்த?

ஏப்ரல் 9, புதன்

குளிர் ஜுரம். கடைக்குப் போகவில்லை. வளையக்கோட்டுக் கூடை நுரையிடம் இருக்கிறது. நேற்றே எடுத்திருக்க வேண்டும்.

ஏப்ரல் 11, வெள்ளி

தெரிந்துவிட்டது.

ஜுரம் இன்னும் விடவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

மத்தியானம் இவர் கடையைப் போட்டுவிட்டு வந்தார். கையில் இஸ்திரி போட்ட ஒரு அடுக்கு. எல்லாம் என் வெள்ளைப் பாவாடைகள், உள்ஓரத்தில் வளையக்கோடு. நான் இல்லாததால் இவர் இஸ்திரி போட்டிருக்கிறார். சோபாவுக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்த டீச்சர் வீடு எங்கே என்று கேட்டார். பின் தெருவில் என்றேன். ஒரு பாவாடையைப் பிரித்து நாடாவை இழுத்துக் காட்டினார்.

“அவங்களும் நாடா முனைய மடிச்சுச் சிவப்பு நூல்ல பெருக்கல் தையல் போடுவாங்களா?”

நாடா உள்ளே ஓடிவிடாமல் இருக்க நான் போடுகிற தையல். இவருடைய இஸ்திரிப் பெட்டி அதைத் தாண்டிப் போகாத வாரமில்லை. குறி போடத் தெரிந்த எனக்கு அது நினைவுக்கு வரவில்லை பார். கடைக்காரியாம், மோப்பமாம்.

கத்தினேன். ஆமாங்க, நான்தான், நான்தான் அந்த டீச்சர், மூத்திரம் போறேன், நின்னா போறேன், தும்மினா போறேன், படுக்கையில போறேன், இப்ப இந்த சோபாவுலயும் போயிருக்கேன், போதுமா, நாறுது, கிட்ட வராதீங்க, எந்திரிச்சுப் போங்க — என்னென்னவோ சொன்னேன். வீடு அதிர்ந்திருக்கும்.

இவர் போகவில்லை. பாவாடையை மடித்து அடுக்கின் மேல் வைத்தார். மெதுவாகத்தான் கேட்டார்.

“இதுக்காகவா சோபாவுக்கு வந்த?”

“பின்ன எதுக்கு?”

“நான் உனக்கு அருவருப்பாயிட்டேன்னு நெனச்சேன்.”

சொல்லிவிட்டு அந்த மனுஷன் சிரிக்கிறார். கண்ணில் தண்ணீர் வேறு. நான் இங்கே நனைந்துபோய் வெந்துபோய்க் கிடக்கிறேன், இவருக்கு நிம்மதியாம். ஸ்டூலில் உட்கார்ந்து பெருமூச்சு விடுகிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் தலையணையை எடுத்து வீசினேன். அது இவர் மேல் பட்டுக் கீழே விழுந்தது. எடுத்துத் தட்டி என் தலைக்கடியில் வைத்துவிட்டு, நாளைக்கு டாக்டரிடம் போகிறோம் என்றார்.

அவ்வளவு எளிதாகப் போயிற்று இவருக்கு. எனக்கு இன்னும் உடம்பு கூசுகிறது.

ஏப்ரல் 12, சனி

டாக்டர் என் பெண் வயதுகூட இருக்கமாட்டாள். நான் ஜுரம் என்று ஆரம்பித்தேன். இவர் குறுக்கே புகுந்து, இருமினால் வருகிறது, அவசரத்திலும் வருகிறது, படுக்கையிலும் வருகிறது என்று கணீரென்று ஒப்பித்தார். காய்கறி விலை சொல்வது போல. நிலம் பிளக்காதா என்று இருந்தது.

பரிசோதித்தாள். அதை எழுதப்போவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு மேல்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று மட்டும் — கண்ணை மூடிக்கொண்டு எப்படிப் பார்ப்பது, போகட்டும்.

சிறுநீரில் கிருமி. அதுதான் ஜுரமும் எரிச்சலும். அதற்கு மாத்திரை. ஆனால் கிருமி போனாலும் மற்றது முழுக்க நிற்காது என்றாள், இது இரண்டு விதம் கலந்து வந்திருக்கிறதாம். தும்மினால் வருவது இடுப்புக்கு அடியில் தாங்குகிற தசை தளர்ந்ததால். அவசரமாக வருவது சிறுநீர்ப்பை கண்டபடி சுருங்குவதால். தண்ணீர் எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று கேட்டாள். பெருமையாகச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் கடுமையாகிப் பையை அரித்துக்கொண்டே இருக்குமாம், கிருமிக்கும் கொண்டாட்டமாம். டீ அதை இன்னும் கிளப்பிவிடுமாம். வராதபோதெல்லாம் போய்ப் போய் உட்கார்ந்ததில் பை கொஞ்சம் நிறைந்தாலே கூப்பாடு போடப் பழகிவிட்டதாம். சாயங்காலம் நான் போடுகிற பிரஷர் மாத்திரை நீரை இறக்குகிற வகை, அதைக் காலைக்கு மாற்றிக் கொடுத்தாள். மலச்சிக்கல் இருக்கிறதா என்று வேறு கேட்டாள். இருக்கிறது. அதுவும் சேர்ந்து அழுத்துமாம்.

ஆக நான் யோசித்து யோசித்துச் செய்ததெல்லாம் எனக்கே வைத்த கொள்ளி.

“வயசானா இப்படித்தான்னு யாரும்மா உங்களுக்குச் சொன்னது?”

“யாரும் சொல்லல. நானேதான்.”

ஏப்ரல் 17, வியாழன்

டாக்டர் பிசியோதெரபிக்கு அனுப்பினாள், தசைப் பயிற்சி சொல்லித்தருகிறவளிடம். தாட்டியான பெண், பளிச்சென்று பேசுகிறாள். நாலு பேர் நடுவில் காற்று வந்துவிட்டால் அடக்குவோமே, அந்தத் தசையை இறுக்க வேண்டும். வயிறும் தொடையும் சும்மா இருக்க வேண்டும். மூச்சைப் பிடிக்கக் கூடாது. இறுக்கினேன். “மூஞ்சிய இல்லம்மா” என்றாள். மறுபடி இறுக்கினேன். இப்போது பல்லை இறுக்குகிறீர்கள் என்றாள். இந்தத் தசை எனக்கு இருக்கிறதா இல்லையா என்றே சந்தேகம் வந்துவிட்டது. கடைசியில் எங்கோ ஆழத்தில் மெலிசாக ஒன்று அசைந்தது. அதுதான் என்றாள். தினமும் வேளைக்கு வேளை செய்ய வேண்டும், சிறுநீர் போகும்போது மட்டும் செய்யக் கூடாது. பலன் தெரிய மாதக் கணக்கில் ஆகும்.

இன்னொன்றும் சொன்னாள். அவசரம் வந்தால் ஓடாதீர்கள். நில்லுங்கள். இறுக்கித் தளரவிடுங்கள், மறுபடி இறுக்கித் தளரவிடுங்கள். அலை இறங்கினதும் மெதுவாக நடந்து போங்கள். ஓடுகிறவளுக்குத்தான் வழியில் போகுமாம். நான் ஓட்டத்தில் யாருக்குக் குறைந்தவள்.

ஏப்ரல் 24, வியாழன்

கழிப்பறைக் கதவுக்கு முன்னால் நின்று தாழ்ப்பாளைப் பார்த்து இறுக்குகிறேன். ஏனக்கா கதவை முறைக்கிறீர்கள் என்று நுரை கேட்டாள். முறைக்கத்தான் வேண்டும் அதை.

ஜெயிக்கவில்லை. கால் நனைந்தது.

மே 6, செவ்வாய்

எரிச்சல் போயிற்று, ஜுரம் போயிற்று. வாடை குறைந்திருக்கிறது. ஆனால் ஈரம் இருக்கத்தான் செய்கிறது. அந்த டயப்பர் மூட்டையை விட்டுவிட்டு உள்ளாடையில் ஒட்டிக்கொள்கிற மெலிசான பட்டைக்கு மாறியிருக்கிறேன். சரசரப்பு இல்லை. அதற்காக அதைத் தொடப் பிடிக்கிறதா என்ன? இல்லை. ஒவ்வொரு தடவையும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் மாற்றுகிறேன்.

இவர் அறை வாசலில் நின்று, உள்ளே வருகிறாயா என்றார். மூக்கு இருக்கிறவன் எவனும் என் பக்கத்தில் படுக்கமாட்டான் என்றேன்.

“எனக்கு ஏது மூக்கு? இத்தனை வருஷம் இஸ்திரி ஆவியில அது எப்பவோ வெந்துபோச்சு.”

பொய். அடுத்த அறையில் நூல் கருகினால் மோப்பம் பிடித்து ஓடிவருகிற ஆள். எனக்காகப் பொய் சொல்கிறார் என்றதும் இன்னும் கோபம் வந்தது. போய்ப் படுங்கள் என்றேன்.

படுத்துக்கொண்டு யோசித்தேன். இவருக்குத் தெரிந்து இத்தனை நாளாயிற்று. நான் பயந்தது நடக்கவில்லை. அப்புறம் ஏன் சோபாவில் கிடக்கிறேன்? எனக்கே என்னைத் தொடக் குமட்டுகிறது, அதனால்தான். அதை வைத்துக்கொண்டு இன்னொரு ஆளின் பக்கத்தில் எப்படிப் படுப்பது?

மே 20, செவ்வாய்

வளையக்கோட்டு மூட்டை ஏன் வருவதில்லை, டீச்சர் செத்துப்போய்விட்டாளா என்று நுரை கேட்டாள். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அந்த டீச்சரை அன்றைக்குத் திட்டினது போதாதென்று சாகடிக்கவும் செய்வதா என்று தோன்றி, அது என் துணிதான் என்றேன்.

நுரை மெஷினை நிறுத்திவிட்டாள். என்னைப் பார்த்தாள், கூடையைப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்பாள், பாவம் என்பாள், காலைப் பிடிப்பாள் என்று எரிச்சலோடு காத்திருந்தேன்.

“அப்படின்னாலும் நாறத்தானக்கா செஞ்சுது” என்றாள்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவளும் சிரித்தாள். சிரித்ததில் எனக்குக் கொஞ்சம் போய்விட்டது. போய்விட்டதடி என்று வேறு சொன்னேன். அதற்கும் சிரித்தோம். அப்புறம் போய் மாற்றிக்கொண்டு வந்தேன். சீ என்றுதான் இருந்தது, ஆனால் உட்கார்ந்து அழவில்லை.

ஜூன் 12, வியாழன்

கதவு தோற்றது. தாழ்ப்பாளில் கை வைத்து நின்று, இறுக்கி விட்டு, இறுக்கி விட்டு, மகாராணி மாதிரி உள்ளே போனேன். ஒரு சொட்டு இல்லை.

யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. இவரிடம் போய்ச் சொன்னேன். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, பலே என்றார். வாடிக்கையாளர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். எதற்குப் பலே என்று அவருக்குப் புரியவில்லை. நல்ல வேளை.

ஜூன் 17, செவ்வாய்

மூட்டை தூக்கும்போது முதலில் இறுக்கிக்கொண்டு தூக்கினால் வருவதில்லை. மறந்தால் வருகிறது. இன்று மறந்தேன். சேலை வரைக்கும். சனியன்.

ஜூன் 29, ஞாயிறு

இவர் மறுபடி கூப்பிடுவார் என்று பார்த்தேன். கூப்பிடவில்லை. மானஸ்தர். ஒரு மாதமாகக் காத்திருந்ததுதான் மிச்சம். வெட்கத்தை விட்டு நேற்று ராத்திரி நானே தலையணையை எடுத்துக்கொண்டு போனேன். என் பக்கத்தில் ரப்பர் விரிப்பைப் போட்டு, மேலே துணியைப் போட்டு, நடுவில் இடம் விட்டுச் சுவரோரமாக ஒண்டிக்கொண்டேன். நான் புரண்டபோது அது கிறீச்சிட்டது. என்ன சத்தம் என்றார்.

ரப்பர் விரிப்பு, பிடிக்காவிட்டால் நீங்கள் சோபாவுக்குப் போகலாம், காலியாகத்தான் இருக்கிறது என்றேன்.

போகவில்லை. நான்தான் தூங்கவில்லை, நனைந்துவிடுமோ என்று விடிய விடிய முழித்திருந்தேன். நனையவில்லை. இன்றைக்கும் இப்படியே முழித்திருக்க முடியுமா என்ன.

ஜூலை 8, செவ்வாய்

விடிகிற நேரத்தில் நனைந்துவிட்டது. இத்தனை நாள் நன்றாகத்தான் இருந்தது. நேற்று சாயங்காலம் கடையில் பேச்சு சுவாரசியத்தில் இரண்டு டீ குடித்தேன், அதுவாகத்தான் இருக்கும்.

இன்னும் அதே அருவருப்புதான். அது போகவில்லை. போகுமென்றும் தோன்றவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, இவர் எழுந்து வெளியே போகிறவரை அசையாமல் கிடக்கலாமா என்று பார்த்தேன். ஈரம் ஜில்லென்று ஆக ஆரம்பித்தது. தோளைத் தட்டி எழுப்பினேன்.

“எந்திரிங்க. விரிப்பு மாத்தணும்.”

எழுந்தார். நான் மாற்றிக்கொண்டு வருவதற்குள் ஈர விரிப்பை உருவி வாளியில் போட்டு, ரப்பரைத் துடைத்துவிட்டு, புதியதைப் பிரித்து வைத்திருந்தார். ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து விரித்தோம். கண்ணில் தூக்கம் போகாமலே, உன் பக்கம் கோணலாக இருக்கிறது, இழு என்றார். இழுத்தேன். சுருக்கம் நிற்கிறது, எடுத்துத் திரும்பப் போடு என்றார். படுக்கிற துணிக்கு எதற்கு இத்தனை நேர்த்தி என்று கேட்டேன். தன் பக்கத்தைச் சொருகிவிட்டு என் பக்கம் வந்து, நான் சொருகியதைப் பிரித்து அவரே மறுபடி சொருகினார்.

“இத்தன வருஷமாயும் உனக்கு ஒரு விரிப்பு ஒழுங்காப் போட வரல.”

வாயை மூடிக்கொண்டு படுங்கள் என்றேன். படுத்தார். கடை திறக்க இன்னும் நேரமிருந்தது. நானும் படுத்தேன், சுவரோரமாகப் போகாமல்.